ஒரு மடிக்கணினி, இரண்டு இயங்குதளங்கள்: லினக்ஸ் எங்கே போய் நிற்கிறது?

திருமங்கலத்தில் இருக்கும் என் அக்கா மகன், பொறியியல் இரண்டாம் ஆண்டு படிப்பவன், போன ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மதுரையில் என் வீட்டுக்கு வந்தான். விண்டோஸ் 11 இருந்த அந்தக் கணினியில், முந்தைய நாள் இரவு வெகுநேரம் உட்கார்ந்து, பென்டிரைவ் வழியாக உபுண்டு லினக்ஸை நிறுவியிருக்கிறான். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் மென்பொருள், அதாவது இயங்குதளம்; உபுண்டு அதன் ஒரு வகை. நிறுவல் முடிந்துவிட்டது என்ற செய்தியும் திரையில் வந்திருக்கிறது. ஆனால் கணினியை அணைத்து மறுபடி போட்டபோது, எதுவுமே நடவாதது போல விண்டோஸ் வந்து நின்றது.

"மாமா, லினக்ஸ் ஏறவே இல்ல. எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து போடவா?" என்று கேட்டான்.

"ஒண்ணையும் அழிச்சுடாத மாப்ள. அது உள்ளதான் இருக்கும்" என்றேன்.

லினக்ஸ் உள்ளேதான் இருந்தது. அன்று அவனுக்கு எடுத்துச் சொன்னவற்றைத்தான், இதே இடத்தில் திகைத்து நிற்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினி வைத்திருப்பவர்களும் இப்போது லினக்ஸை முயன்று பார்க்கிறார்கள். இருக்கிற விண்டோஸை விடவும் மனமில்லாமல், இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள அவர்கள் விரும்புவது இயல்பு. இதைத்தான் 'டூயல் பூட்' என்கிறோம்.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை நடக்கும்போது, கிழக்குப் பாதி ஒருவருக்கு, மேற்குப் பாதி மற்றவருக்கு என்று எல்லை கட்டுவது எளிதாக முடிந்துவிடும். கிணறும் வண்டிப்பாதையும் தலைவாசலும் மட்டும் இருவருக்கும் பொது என்று பத்திரத்தில் எழுதி வைப்பார்கள். பிற்காலத்தில் தகராறு என்று ஒன்று வந்தால், அது பெரும்பாலும் அந்தப் பொதுவில்தான் வரும். ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருப்பதும் இப்படித்தான். விண்டோஸுக்கென்று கணினியின் சேமிப்பு வட்டில் ஒரு பகுதி, லினக்ஸுக்கென்று ஒரு பகுதி. இவற்றைப் பிரிவு என்றும் பார்ட்டிஷன் என்றும் சொல்கிறோம். ஒன்றின் பிரிவுக்குள் மற்றது தானாகப் போய்க் கை வைப்பதில்லை. ஆனால் கணினி தொடங்கும் வழி, அந்த வழியைக் காக்கும் பூட்டு, மதர்போர்டில் ஓடும் கடிகாரம் ஆகியவை இரண்டுக்கும் பொது. புதிதாக லினக்ஸ் நிறுவுபவர்கள் சந்திக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தப் பொது இடங்களில் பிறப்பவை. ஆகவே கோளாறு வந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்தப் பொது இடத்தில் நடக்கிறது என்பதுதான். அதற்கு விடை தெரியாமல் மறுபடி மறுபடி நிறுவினால் அதே கோளாறு அப்படியே திரும்பி வரும்.

மின்பொத்தானை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது மதர்போர்டில் ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும் நிலைபொருள். பழைய கணினிகளில் அதற்கு பயாஸ் என்று பெயர். விண்டோஸ் 8 வெளிவந்த 2012க்குப் பிறகு விற்பனைக்கு வந்த கணினிகளில் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை இருக்கும். இந்த நிலைபொருள் தன் நினைவில் ஒரு சிறிய பட்டியல் வைத்திருக்கிறது: முதலில் இன்னாரைக் கூப்பிடு, அவர் வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடு என்ற வரிசை அது. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும், வட்டில் ஈஎஃப்ஐ பிரிவு என்ற ஒரு சிறு பகுதியில் இருக்கும் ஒரு கோப்பைச் சுட்டுகிறது. அக்கா மகனின் கணினியில், லினக்ஸை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயக்கி, அந்தப் பிரிவைத் திறந்து காட்டினேன். மொத்தமே 100 எம்பி அளவுள்ள பிரிவு அது. பல கணினிகளில் விண்டோஸ் அதை அந்த அளவில்தான் உருவாக்குகிறது. உள்ளே மைக்ரோசாஃப்ட் என்ற பெயரில் ஒரு கோப்புறை, பூட் என்று ஒன்று, உபுண்டு என்று ஒன்று, ஆக மூன்று இருந்தன. உபுண்டு கோப்புறைக்குள் 'ஷிம்' என்றும் 'க்ரப்' என்றும் பெயர் தொடங்கும் கோப்புகள் இருந்தன. முந்தைய இரவு அவன் செய்த வேலை வீண்போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. க்ரப் என்பது, எந்த இயங்குதளத்துக்குள் போக வேண்டும் என்று நம்மைக் கேட்டு, நாம் தேர்ந்தெடுத்ததை நினைவகத்தில் ஏற்றிவிடும் துவக்க நிரல். ஷிம் என்பது அதற்கு முன்னால் ஓடி அதை அழைக்கும் சிறு நிரல்.

பிறகு கணினியை அணைத்து, மறுபடி போட்டு, நிலைபொருள் அமைப்புக்குள் நுழைந்தோம். இதற்கான விசை கணினிக்குக் கணினி மாறும். எஃப்2, எஃப்10, டெலிட் ஆகியவை வழக்கமானவை. துவக்க வரிசை என்ற பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன. மேலே 'விண்டோஸ் பூட் மேனேஜர்', கீழே 'உபுண்டு'. நிலைபொருள் முதல் வரியைக் கூப்பிட்டது, விண்டோஸ் உடனே வந்துவிட்டது, இரண்டாவது வரியைக் கூப்பிட வேண்டிய தேவையே எழவில்லை. உபுண்டுவை மேலே நகர்த்திச் சேமித்து வெளியே வந்ததும், க்ரப்பின் கருநிறப் பட்டியலில் உபுண்டுவும் விண்டோஸும் அடுத்தடுத்து நின்றன. இரண்டு நிமிட வேலை. விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்த பிறகு இந்த வரிசை மறுபடி மாறிவிடுவதும் உண்டு என்பதால், இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். சில கணினிகளின் நிலைபொருள் நாம் மாற்றிய வரிசையைப் பொருட்படுத்தாமல் விண்டோஸையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அத்தகைய கணினிகளில், தொடங்கும்போதே எஃப்12 போன்ற விசையை அழுத்தி, வருகின்ற ஒருமுறைப் பட்டியலிலிருந்து லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது நடைமுறைக்கு உகந்த வழி.

பழைய பயாஸ் கணினிகளில் இந்தக் கதை வேறு மாதிரி. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளை நம்மில் பலர் பயன்படுத்தியிருக்கிறோம். அவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம் ஊர் மாணவர்கள் பலருக்கு டூயல் பூட் என்பதே அப்படித்தான் அறிமுகமாயிற்று. கணினி மெதுவாகிவிட்டது என்று கடையில் கொடுத்து விண்டோஸை மறுபடி போட்டு வாங்கினால், லினக்ஸ் காணாமல் போயிருக்கும். அழித்துவிட்டார்கள் என்றே பலரும் நினைத்தோம். பழைய முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகளில்தான் தலைவாசல் இருக்கிறது; அதிலும் துவக்க நிரலுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 446 பைட்டுகள் மட்டுமே. ஒருவர் பெயர்ப்பலகைக்குத்தான் அங்கே இடம் உண்டு. கடைசியாக வந்தவர் முன்னவரின் பலகையைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டிவிடுவார். விண்டோஸை முதலில் போடு, லினக்ஸைப் பிறகு போடு என்ற பழைய விதி இதிலிருந்து வந்ததுதான். யூஇஎஃப்ஐ கணினியில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை இருப்பதால் அந்த அழிப்பு இப்போது பெரும்பாலும் நிகழ்வதில்லை.

இந்த இரண்டு முறைகளையும் கலந்துவிடுவதால் ஒரு கோளாறு வரும். தொடக்கநிலையில் இருப்பவர்களை மிக அதிகமாகக் குழப்புவது அதுதான் என்பது என் கருத்து. விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்க, நிறுவல் பென்டிரைவை மட்டும் பழைய 'லெகசி' முறையில் துவக்கினால், லினக்ஸும் பழைய முறையிலேயே நிறுவப்படும். ஒருவர் தெற்கு வாசல் வழியாகவும் மற்றவர் வடக்கு வாசல் வழியாகவும் வந்தால் இருவரையும் ஒரே திண்ணையில் சந்திக்க வைக்க முடியாது. அதுபோல க்ரப்பின் பட்டியலில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்துக் காட்ட முடியாமல் போகும். ஆகவே தொடங்குவதற்கு முன் விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற நிரலைத் திறந்து 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே யூஇஎஃப்ஐ என்று இருந்தால், துவக்கப் பட்டியலில் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை வரும்போது யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு இருக்கும் வரியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிலருக்கு இதற்கு நேர்மாறாக நடக்கும்: லினக்ஸ் வருகிறது, விண்டோஸைக் காணோம். இங்கேயும் விண்டோஸ் பத்திரமாகவே இருக்கும். மற்ற இயங்குதளங்களைத் தேடிக் கண்டுபிடித்து க்ரப்பின் பட்டியலில் சேர்ப்பது 'ஓஎஸ்-ப்ரோபர்' என்ற சிறு நிரலின் வேலை. 2021இல் வெளியான க்ரப் 2.06 பதிப்பிலிருந்து, பாதுகாப்பு கருதி, அந்தத் தேடலை இயல்பாகவே நிறுத்தி வைத்துவிட்டார்கள். க்ரப்பின் அமைப்புக் கோப்பில் ஓஎஸ்-ப்ரோபரை முடக்கும் வரியின் மதிப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றி, உபுண்டு வகையில் 'அப்டேட்-க்ரப்' என்ற கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்கினால் விண்டோஸ் பட்டியலில் வந்துவிடும். பட்டியலில் லினக்ஸ் ஒன்று மட்டுமே இருந்தால் உபுண்டு அந்தப் பட்டியலையே காட்டாமல் நேரே உள்ளே போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். யூஇஎஃப்ஐ கணினியில் தொடக்கத்தில் எஸ்கேப் விசையைத் தட்டினால் பட்டியல் தெரியும்.

கருந்திரையில் க்ரப் என்ற சொல்லும் அதன் அருகே துடிக்கும் குறியும் மட்டும் வந்து நின்றால், பலர் வட்டே பழுதாகிவிட்டது என்று அஞ்சுகிறார்கள். லினக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்து, விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பக்கத்திலிருந்து லினக்ஸ் பிரிவை அழித்தவர்களுக்கு இது பெரும்பாலும் நேரும். க்ரப்பின் தொடக்கத் துண்டு ஈஎஃப்ஐ பிரிவில் இருக்கிறது. அதற்குத் தேவையான பட்டியலும் மற்றக் கோப்புகளும் அழிக்கப்பட்ட பிரிவில் இருந்தன. தேடி வந்த வீடு இடிந்து கிடப்பதைக் கண்டு அது வாசலிலேயே நின்றுவிடுகிறது. துவக்கப் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் வந்துவிடும்.

நிறுவல் தொடங்கும்போதே வரும் தடை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பென்டிரைவிலிருந்து லினக்ஸ் நன்றாக ஓடும், ஆனால் எங்கே நிறுவுவது என்ற பக்கத்தில் வட்டே தெரியாது. இன்டெல் செயலி கொண்ட மடிக்கணினிகள் பலவற்றில், வட்டானது ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற, வட்டை நிர்வகிக்கும் இன்டெல் முறையின் பின்னால் வைக்கப்பட்டிருப்பது இதற்குக் காரணம். நிலைபொருளில் அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்கு வட்டு தெரியும். ஆனால் நேரே மாற்றிவிட்டால் விண்டோஸ் தன் வட்டை அடைய முடியாமல் நீலத்திரையில் நின்றுவிடும். முறையான வரிசை இது: முதலில் விண்டோஸில் அடுத்த துவக்கம், அடிப்படை வசதிகளோடு மட்டும் இயங்கும் 'சேஃப் மோட்' ஆக இருக்கும்படி அமைத்துக்கொண்டு, பிறகு கணினியை அணைத்துத் தொடங்கி நிலைபொருளில் ஏஎச்சிஐக்கு மாற்றி, விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடில் வரவிட வேண்டும். அப்போது அது புதிய முறைக்கான இயக்கியை, அதாவது வன்பொருளோடு பேச உதவும் 'டிரைவர்' நிரலை, ஏற்றிக்கொள்ளும். அதன்பின் சேஃப் மோடை நீக்கிவிடலாம்.

இவற்றில் எதைத் தொடுவதற்கு முன்னும் பூட்டைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். விண்டோஸ் 11 வந்த கணினிகள் பலவற்றில், உரியவர் கேளாமலேயே வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்பது அதன் பெயர். துவக்க முறையில் ஏதேனும் மாற்றம் தெரிந்தால், வேறு யாரோ கணினியைத் திறக்க முயல்கிறார்கள் என்று கருதி, அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் வட்டில் உள்ள படங்களும் ஆவணங்களும் திரும்பக் கிடைக்க வழியே இல்லை. இது நான் மிகுந்த கவலையோடு சொல்லும் எச்சரிக்கை. பெரும்பாலானோருக்கு அந்த எண் அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே உள்ளே நுழைந்து அதைப் பார்த்து, கணினியில் சேமிக்காமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். அக்கா மகனின் நோட்டில், ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகளை நானே உடனிருந்து எழுத வைத்தேன். எழுதியதை இரண்டு முறை திரையோடு ஒப்பிட்டும் பார்த்தோம்.

அதோடு சேர்ந்ததுதான் வாசல் காவலாகிய 'செக்யூர் பூட்'. நம்பத்தக்க கையொப்பம் இல்லாத நிரலை அது துவக்க விடாது. உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளின் ஷிம் கோப்பு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்றே வருவதால், இந்தக் காவலை அணைக்காமலேயே அவற்றை நிறுவலாம். ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, பழைய ஷிம் பதிப்புகளை ஏற்காதபடி செய்ததால், டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் துவங்காமல், பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டது என்ற பொருளில் ஒரு செய்தி மட்டும் வந்தது. அத்தகைய நிலையில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் சென்று அதைப் புதுப்பித்துவிட்டு, மறுபடி போட்டுவிட வேண்டும். பழைய நிறுவல் பென்டிரைவை வருடக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்துவதைத் தவிர்ப்பதும் நல்லது.

க்ரப்பில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகு திரை கருத்துப்போனால், பிரச்சினை பொது இடத்தைக் கடந்து லினக்ஸின் சொந்தப் பகுதிக்குள் வந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் திரையட்டைக்கான இயக்கிதான் காரணமாக இருக்கும். க்ரப் பட்டியலில் உபுண்டு வரியின் மேல் நின்று ஈ விசையைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்துத் துவக்கினால் எளிய திரைமுறையில் உள்ளே போகலாம். பிறகு உரிய இயக்கியை நிறுவிக்கொள்ளலாம்.

வட்டில் இடம் பிரிப்பதைப் பற்றி ஒரு சொல். விண்டோஸின் பிரிவைச் சுருக்குவதை விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பக்கத்திலிருந்தே செய்யுங்கள். அந்த வேலை நடக்கும்போது மின்சாரம் போகக் கூடாது. மடிக்கணினிக்கு பேட்டரி துணை இருக்கிறது. மேசைக்கணினி வைத்திருப்பவர்கள், தங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டு வேறொரு நாளில் தொடங்குவது உத்தமம்.

நிறுவல் நல்லபடியாக முடிந்த பிறகும் மிஞ்சுகிற பொது விவகாரங்கள் இரண்டு உண்டு. முதலாவது, லினக்ஸிலிருந்து விண்டோஸின் பிரிவைத் திறந்தால் கோப்புகளைப் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்பது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இயங்கும்போது, ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுமையாக அணைவதில்லை. தன் உள்நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டுப் பாதி உறக்கத்தில் போகிறது. ஊருக்குப் போகிற அண்ணன், விரைவில் திரும்பி வருவேன் என்று பம்புசெட் அறைச் சாவியைத் தன்னோடு எடுத்துப் போவது போன்றது அது. அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. அது மறுப்பது நம் நன்மைக்கே. விண்டோஸின் பவர் அமைப்புகளில் அந்த வசதியை நீக்கிவிட்டு, ஒருமுறை முழுமையாக அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். கட்டாயப்படுத்தி எழுத வைக்கும் வழிகள் சிலர் சொல்வார்கள். அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவதைச் சொல்ல அக்கா மகனே மறுநாள் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, இப்ப மணி பத்து. விண்டோஸ்ல காலை நாலரைனு காட்டுது. பேட்டரி போயிருச்சா?" மதர்போர்டின் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் தாறுமாறாகப் போகுமே தவிர, சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்காது. உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் 5 மணி 30 நிமிடம். மதர்போர்டுக் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. திரையில் காட்டும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. விண்டோஸோ அதே கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று கருதி, கூட்டாமல் அப்படியே காட்டுகிறது. லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' என்ற கட்டளையில், வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கட்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். எழுத்து எழுத்தாக நான் சொல்லச் சொல்ல அவன் தட்டச்சு செய்தான். விண்டோஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பத்து பதினேழு என்று சொன்னான். என் கைக்கடிகாரத்திலும் அதே நேரம்தான்.